இடது மீசையும் ஒரு துணி கிளிப்பும்

என் அக்கா புருஷனைப் பற்றிச் சொல்வதென்றால் வெள்ளரிக்காயிலிருந்துதான் தொடங்க வேண்டும். அவர் நறுக்கிய வெள்ளரி வில்லையைச் செய்தித்தாள் மேல் வைத்தால் அடியில் இருக்கும் எழுத்தை வாசிக்கலாம். கொட்டை எழுத்துத் தலைப்பை அல்ல, பொடி எழுத்து விளம்பரத்தை. நான் வாசித்திருக்கிறேன். ஒருமுறை அவர் வீட்டில் முழு வெள்ளரிக்காயைத் தின்று முடித்துவிட்டு, எப்போது சாப்பாடு போடுவீர்கள் என்று கேட்டேன்.

வேலை செய்யும் இடத்தில் அவருக்குப் பெயர் நாலு மைக்ரான். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் பரிசோதனைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறார். மேலே டாக்டர்கள் நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்து அனுப்பும் சதைத் துண்டுகளை மெழுகில் பதித்து, அந்த மெழுகுக் கட்டியை இயந்திரத்தில் மாட்டி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிச் சீவுவது அவர் வேலை. ஒரு மில்லிமீட்டரை இருநூற்றைம்பதாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவு கனம் இருக்குமோ, ஒவ்வொரு சீவலும் அவ்வளவு கனம். அதுதான் நாலு மைக்ரான். சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி ரிப்பனாக வரும். அதை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றிக் கொடுத்தால் டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று சொல்வார். அதை டைப் அடிப்பவள் நான். அங்கே என் பெயர் டைப்பு. வேலை வாங்கிக் கொடுத்தவர் மாமாதான். இதை நான் மறந்தாலும் அவர் மாதம் ஒருமுறை நினைவுபடுத்திவிடுவார்.

மைக்ராஸ்கோப் பார்க்கும் டாக்டரம்மாவுக்கும் மாமாவுக்கும் ஏழாம் பொருத்தம். காரணம் ஒரே ஒரு சொல். தகட்டைப் பார்த்துவிட்டு, கண்ணை எடுக்காமலே, "இன்னும் ஆழமா வெட்டித் தரச் சொல்லு" என்பார் டாக்டரம்மா. சிலது ஓரத்தில் தெரியாது, மெழுகுக் கட்டிக்குள் இன்னும் கொஞ்சம் போனால் தெரியும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மாமாவுக்கு அதைக் கேட்டாலே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"நான் வெட்டினதுல என்ன கொறைச்சலாம்?"

"கொறைன்னு சொல்லல மாமா. ஆழமா வேணுமாம்."

"கிணறா தோண்டறேன் இங்க?"

இதைத்தான் நான் அடுத்த அறைக்குப் போய், "சரின்னு சொன்னாரு டாக்டர்" என்று மொழிபெயர்த்துச் சொல்வேன். டாக்டரம்மாவுக்கு அவர் வைத்த பெயர் ஆழம்மா. நல்லவேளையாக அது அடுத்த அறைக்குப் போகவில்லை.

மாமாவுக்கு இரண்டு பெருமைகள் உண்டு. ஒன்று, அவருடைய தண்ணீர்த் தொட்டியில் ஒருவர் சதையின் துணுக்கு இன்னொருவர் தகட்டில் ஏறியதே கிடையாது. மற்ற இடங்களில் எப்போதாவது நடக்கும். தொட்டியைச் சரியாகத் துடைக்காவிட்டால் போன கட்டியின் துணுக்கு மிதந்து வந்து அடுத்த ஆளின் தகட்டில் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஆரோக்கியமாக இருப்பவருக்கு யாருடைய நோயோ வந்துவிடும். "என் தொட்டியில மீன்கூட மிதக்காது" என்பார் மாமா. இன்னொரு பெருமை, இயந்திரத்துக்கு மேலே சுவரில் அவரே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கும் தாள்: ஓரத்தோடு நிற்காதே, நடுவுக்குப் போ. அதாவது சதை வீணாகிறதே என்று இரக்கப்பட்டு ஓரத்திலேயே சீவிக் கொடுக்காதே என்று அர்த்தம். ஆழம்மா கேட்பதும் கிட்டத்தட்ட இதையேதான் என்று நான் ஒருமுறை வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாவது பெருமை மீசை. அதைத் தொழிலோடு சேர்க்கக் கூடாது என்பதால் தனியாகச் சொல்கிறேன். கறுகறுவென்று, இரண்டு பக்கமும் சமமாக, மைக்ரான் கணக்கில் கத்தரித்த மீசை. மூன்று வருஷமாக அந்தச் சமநிலை கெட்டிருந்தது. இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அடர்ந்துகொண்டே போனது. வயசானால் இப்படி ஆகுமோ என்று நினைத்தேன். உண்மை என்னவென்றால் அந்தப் பக்கம் உதட்டுக்கு மேல் பருப்பு அளவில் கெட்டியாக ஒன்று இருந்தது. அவர் அதை மீசையால் போர்த்தி வைத்திருந்தார்.

கண்டுபிடித்தது அக்கா. டீ குடித்தால் இடது மீசையில் நுரை தொங்கும். அவருக்குத் தெரியாது. ரொட்டித் தூள் காலையில் ஒட்டினால் மாலை வரை அங்கேயே குடியிருக்கும். "தொடச்சுக்கோங்க" என்றால் வலது பக்கத்தைத் துடைப்பார். அக்கா படிக்காதவள் என்று அவர் அடிக்கடி சொல்வார். அந்தப் படிக்காதவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சோபாவில் மல்லாந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது, மாடிக் கொடியிலிருந்து ஒரு துணி கிளிப்பை எடுத்து வந்தாள். நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். என்ன செய்யப் போகிறாள் என்று கேட்பதற்குள் இடது மேலுதட்டில் மாட்டிவிட்டாள்.

குறட்டை நிற்கவே இல்லை. மூச்சு விடும்போதெல்லாம் கிளிப் ஆடியது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. கிளிப்பைக் கழற்றி வலது பக்கம் மாட்டினாள். மாமா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

"அந்தப் பக்கம் மரத்துப் போயிருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட போறீங்க" என்றாள் அக்கா.

"நான் பாக்காத நோயாடி? இது சும்மா கொழுப்பு."

"ஒங்க கொழுப்பு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். கெளம்புங்க."

மறுநாள் தோல் டாக்டரிடம் போனார். போனவர் என்ன செய்தார் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மரத்துப் போனதைப் பற்றி மூச்சே விடவில்லை. பரிசோதனைக்குத் துண்டு எடுக்க வேண்டும் என்றதும், "மீசை போயிடக் கூடாது டாக்டர், மேலோட்டமா எடுங்க" என்று கெஞ்சியிருக்கிறார். மேலோட்டமாக எடுத்து அனுப்பும் தோல் டாக்டர்களை இருபத்தாறு வருஷமாகத் திட்டி வந்த மனுஷன். அந்தத் தோல் டாக்டரும் இவர் சொன்னதைக் கேட்டு, இடது பக்கம் மட்டும் மழித்து, கரண்டியால் வழித்த மாதிரி ஒரு சின்னத் துண்டு எடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் மாமா வேலைக்கு வந்தபோது மூக்கு, வாய் எல்லாம் மூடி மாஸ்க் போட்டிருந்தார். சளி என்றார். மாஸ்க்குக்குள் இருந்தது அரை மீசை. வலதையும் எடுத்துவிடலாமே என்று அக்கா சொல்லிப் பார்த்தாளாம். "இது வளர்ற வரைக்கும் அது காத்திருக்கும்" என்றாராம்.

தன் துண்டை அவர் யாரையும் தொடவிடவில்லை. தானே மெழுகில் பதித்தார், தானே சீவினார். பதிவேட்டில் தன் நிஜப் பெயரை எழுதச் சொன்னார். எழுதும்போது எனக்கே அது யாரோ மாதிரி இருந்தது. அந்தப் பெயர் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. "யார்கிட்டயும் சொல்லாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அடுத்த நாள் டாக்டரம்மா அந்தத் தகட்டை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவர் ரொம்ப நேரம் பார்த்தால் விஷயம் சுவாரசியமானது என்று பொருள்.

"வா, இத பாரு. தலைப்பிரட்டை தெரியுதா?" என்று என்னைக் கூப்பிட்டார். இரண்டு பேர் பார்க்கிற மைக்ராஸ்கோப் அது. நான் கண்ணை வைத்தேன். இளஞ்சிவப்புத் தரையில் சின்னச் சின்னக் குழாய்கள், சிலதுக்கு வால் முளைத்து, குட்டையில் நீந்தும் தலைப்பிரட்டை மாதிரியே இருந்தன.

"வேர்வைச் சுரப்பியோட குழாயிலேர்ந்து வர்ற கட்டி. இதுல ஒண்ணு சாதுவான ரகம், ஒண்ணும் பண்ணாது. இன்னொண்ணு ரொம்ப அபூர்வம். நானே மூணுதான் பாத்திருக்கேன். அது புத்துநோய். மேல பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி ஒண்ணா இருக்கும். கீழ போனாத்தான் குணம் தெரியும். சாது மேலயே நின்னுடும். மத்தது கீழ எறங்கி நரம்பப் புடிச்சுக்கிட்டுப் போகும்."

"இது எது டாக்டர்?"

"துண்டே இம்மாத்தூண்டு. வெட்டின ஆளும் ஓரத்தோட நிறுத்திட்டாரு. கஞ்சப் பிசுநாரி வெட்டின மாதிரி இருக்கு. தோல் டாக்டர் சீட்டுலயும் தொந்தரவு ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்கு. சாதுன்னு போட்டுடலாம், ஆறு மாசம் கழிச்சுப் பாக்கச் சொல்லலாம். டைப் பண்ணிக்கோ."

என் விரல் எழுத்துப்பலகை மேல் நின்றுவிட்டது. சாது என்று அடித்தால் வீட்டில் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். சத்தியம் வேறு செய்திருந்தேன். ஆனால் மூச்சுக்கு மூச்சு ஆடிய அந்தக் கிளிப் கண் முன்னாலேயே நின்றது.

"டாக்டர், அந்த எடத்துல கிளிப் மாட்டினாக்கூட அவருக்குத் தெரியல" என்றேன்.

"யாருக்கு?"

"இந்த நோயாளிக்கு. துணி கிளிப். எங்கக்கா மாட்டினா. கொறட்டை விட்டுக்கிட்டே இருந்தாரு."

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். அவர் கண்ணை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன். "ஒனக்கு இந்தாளத் தெரியுமா?"

"தெரியும். பக்கத்து ரூம்லதான் இருக்காரு."

மாமாவைக் கூப்பிட்டார்கள். வரும்போதே என்னை முறைத்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா நடந்ததைச் சொன்னதும், அந்த மனுஷன் செய்த காரியம் இருக்கிறதே, இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. இருபத்தாறு வருஷப் பெருமையை ஒரே நொடியில் கழற்றிப் போட்டுவிட்டார்.

"அது என்னோடதா இருக்காது மேடம். தொட்டியில மிதந்த துணுக்கா இருக்கும். சரியா தொடச்சிருக்க மாட்டேன். அப்பப்ப நடக்கிறதுதானே."

"ஒங்க தொட்டியிலயா? மீன்கூட மிதக்காதுன்னு சொல்வீங்களாமே?"

அந்த வசனம் அடுத்த அறை வரை போனது எப்படி என்று மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அன்னைக்கு வந்த மத்ததெல்லாம் பித்தப்பையும் கர்ப்பப்பையும். இந்தத் தகட்டுல தலைப்பிரட்டைக்குப் பக்கத்துலயே தடிதடியா மீசை வேர் இருக்கு. எந்தப் பித்தப்பைக்குங்க மீசை மொளைக்கும்?"

"சினைப்பைக் கட்டி சிலதுல முடி இருக்கும் மேடம். எத்தனை வெட்டியிருக்கேன்."

"இருக்கும். அன்னைக்கு அது வரல. மாஸ்க்க எடுங்க."

மாமா எடுத்தார். வலது பக்கம் கம்பீரமான மீசை, இடது பக்கம் ஒரு சின்னப் பிளாஸ்திரி. டாக்டரம்மா சிரித்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். மாமாவும் வேறு வழியில்லாமல் சிரித்தார். பிறகு டாக்டரம்மா மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் மெதுவாகக் குத்தினார்.

"தொட்டப்ப சொல்லுங்க."

மாமா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். டாக்டரம்மா நாலு இடத்தில் குத்தினார். அவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு நின்றுபோனது.

"ஆழமா வெட்டணும்" என்றார் டாக்டரம்மா. மாமா இந்தத் தடவை கிணறு தோண்டவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

போனவர் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார். மெழுகுக் கட்டியை ஐஸில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். அரை மணி நேரம் சக்கரத்தைத் தொடவில்லை. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தலைக்கு மேலே அவர் எழுத்திலேயே அந்தத் தாள்.

"வேற யாரையாவது வெட்டச் சொல்லட்டுமா மாமா?"

"வேணாம். வேற யாரு வெட்டினாலும் தடியாத்தான் வெட்டுவான்." சற்றுக் கழித்து, "ஓரத்துலயே நிறுத்திட்டேன் பாரு. என் சதையா, அதான் மனசு வரல" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. என் அக்காவை நினைத்தும், கொஞ்சம் வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், அவரை நினைத்தும் அழுகை வந்தது.

கட்டியை முன்பு இருந்த அதே கோணத்தில் மாட்டினார். ஒரு மயிரிழை சாய்ந்தாலும் முதல் சில சீவல்கள் உடைந்து வீணாகும். இவருக்கு ஒன்றுகூட வீணாகவில்லை. கட்டியின் மேல் ஒரு தடவை வாயால் ஊதி இதமாக்கிவிட்டு, சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினார். வழக்கமாக ஆழமாக வெட்டுவதென்றால் இடையில் வருவதையெல்லாம் குப்பையில் தள்ளிவிட்டு, இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் எடுப்பார்கள். மாமாவோ தன் சதையில் ஒரு சீவலைக்கூடக் குப்பையில் போடவில்லை. கஞ்சத்தனம் அப்போதும் போகவில்லை. ஒவ்வொரு ரிப்பனையும் தூரிகையால் தூக்கி, மிதக்கவிட்டு, ஏந்தி, எண் போட்டார். தகடுகள் தீர்ந்துபோய் நான் இரண்டு தடவை பெட்டி எடுத்து வந்தேன். மொத்தம் ஐம்பத்தெட்டுத் தகடு.

"பல்லி முட்டை சைஸ் துண்டுக்கு அம்பத்தெட்டா?" என்றார் டாக்டரம்மா. ஆனாலும் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்தார். மாமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபதாவது வரை தலைப்பிரட்டைதான். முப்பதில் துண்டின் நடுப்பகுதி வந்தது. கரண்டியால் வழித்ததில் நடுவில்தான் கொஞ்சம் ஆழம் இருந்தது. நாற்பத்தொன்றாவது தகட்டில் டாக்டரம்மாவின் கை நின்றது. அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. நாற்பத்து நாலில் மறுபடி ஒன்றுமில்லை.

"வந்து பாருங்க" என்று மாமாவைக் கூப்பிட்டார்.

மாமா கண்ணை வைத்தார். துண்டின் அடியில், விளிம்பை ஒட்டி, நூல் மாதிரி ஒரு சின்ன நரம்பு. அதைச் சுற்றி வளைத்துக்கொண்டு குட்டிக் குழாய்கள்.

"அபூர்வமானதுதான்" என்றார் டாக்டரம்மா. "ஆனா இது வேற எங்கயும் தாவறது ரொம்பக் கம்மி. இருக்கிற எடத்துலயே ஊர்ந்து போகும். முழுசா எடுத்துட்டா பொழைச்சுக்கலாம். மூணே மூணு தகட்டுலதான் இருக்கு. வழக்கம்போல இடையில வந்தத குப்பையில போட்டிருந்தீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. சாதுன்னு எழுதி அனுப்பியிருப்பேன்."

மாமா ரொம்ப நேரம் மைக்ராஸ்கோப்பை விட்டு நகரவில்லை. கடைசியில் நிமிர்ந்து, "சீவல் சுத்தமா இருக்குல்ல மேடம்? ஒரு சுருக்கம்கூட இல்ல" என்றார்.

"இல்ல" என்றார் டாக்டரம்மா. "ரொம்ப நல்லா இருக்கு."

இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு அதுதான். மாமாவுக்கு உச்சி குளிர்ந்தது முகத்திலேயே தெரிந்தது. தனக்குப் புற்று என்று தெரிந்த ஐந்தாவது நிமிஷம் இது.

ஆபரேஷன் நடந்தது. மேலுதட்டில் நல்ல அகலமாக எடுத்து, கன்னத்துத் தோலை இழுத்துத் தைத்தார்கள். ஓரங்களில் நோய் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வந்த துண்டுகளை மாமா சீவ முடியாததால், படுக்கையிலிருந்தே என்னிடம் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினார். அதில் இருந்தது ஒரே வரி: ஆழமா வெட்டச் சொல்லு. ஓரம் எல்லாம் சுத்தம் என்று டாக்டரம்மா சொல்ல, நான் அழுதுகொண்டே டைப் அடித்ததில் மூன்று இடத்தில் தப்பு விழுந்தது.

வேலைக்குத் திரும்பிய பிறகு தோல் துண்டு எது வந்தாலும், யாரும் கேட்காமலே ஐந்து மடங்கு தகடு போட ஆரம்பித்தார். "போதும்னு சொல்லு அவர்கிட்ட, என் கண்ணு அவிஞ்சு போகுது" என்று டாக்டரம்மா என்னை அனுப்புகிறார். "பொறுமையா பாக்கச் சொல்லு" என்று இவர் திருப்பி அனுப்புகிறார். நான் பழையபடி இரண்டு அறைக்கும் நடக்கிறேன். தழும்பில் முடி முளைக்காது என்று தெரிந்த பிறகும் வலது மீசை மூன்று மாதம் காத்திருந்தது. பிறகு அக்கா ஒரு நாள் கத்தரிக்கோலோடு வந்து முடித்து வைத்தாள்.

உணர்ச்சி திரும்புமா என்று கேட்டதற்கு, வரலாம், வராமலும் போகலாம் என்றார் ஆபரேஷன் செய்தவர். அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை. ஆனால் தழும்பு ஆறியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா சோபாவில் கண்ணயர்ந்ததும், கொடியிலிருந்து அந்தக் கிளிப்பை எடுத்து வருவாள். தழும்புக்குப் பக்கத்தில் பூ வைப்பது போல மெதுவாக மாட்டுவாள். குறட்டை தொடரும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கழற்றிக்கொண்டு போய்க் கொடியில் மாட்டிவிடுவாள். அன்றைக்கு முழுக்க யாரிடமும் அதிகம் பேச மாட்டாள். இப்படியே பத்து மாதம்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அக்கா மாட்டினாள். குறட்டை பாதியில் அறுந்தது. மாமா எழுந்து உட்கார்ந்தார்.

"என்னடி பண்ற? வலிக்குது."

அக்கா கிட்டே குனிந்தாள். "எங்க வலிக்குது? சரியா சொல்லுங்க."

"எங்கன்னா? நீ மாட்டியிருக்கியே, அங்கதான். எடு."

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை மாமா உதட்டில் கிளிப்போடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுக்கட்டுமா?" என்று அவரே கேட்டார்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க" என்றாள் அக்கா.

கிளிப் வரை போன கையை மாமா மடியில் வைத்துக்கொண்டார்.